குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இருபது வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. அப்பாவுக்கு எண்பது ஆனபோது எங்கள் குடும்பக் கதையை 144 பக்கத்தில் புத்தகமாகப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு முதலில் சொந்தக்காரர்கள் வந்தார்கள், பிறகு பத்திரிகை அடிக்க வந்தவர்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்துப் பதில் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

எங்க குடும்பத்துல ஜமீன் இல்ல, தியாகி இல்ல. எழுதுற அளவுக்கு என்ன இருக்கு?

ஊரை விட்டு யார் முதலில் கிளம்பினார், ஏன் கிளம்பினார், எதில் ஏறிப் போனார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தாலே இருபது பக்கம் வரும். கிணறு வெட்டி நீர் ஊறாமல் போனது, மாடு விற்று மகனை டீச்சர் டிரெய்னிங் சேர்த்தது, முதல் முதலாக வீட்டுக்குக் கரண்ட் வந்த ராத்திரி, இவைதான் பேரப்பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படிக்கிற பக்கங்கள். எங்கள் புத்தகத்தில் அதிகம் அழுக்கான பக்கம் அப்பத்தா கருவாட்டுக் குழம்பு வைக்கும் முறை.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? முதல்ல ஆபீஸ் ஆபீஸா அலையணுமா?

வேண்டாம். காகிதம் அப்படியேதான் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் உட்காருங்கள். "பழைய கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்றுதான் பதில் வரும். ஒரு தாளில் பழைய வீட்டின் வரைபடத்தைப் போட்டு, "அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு, யாரு எங்க படுப்பாக?" என்று கேளுங்கள். திண்ணையில் படுத்தவர் யார் என்பதிலிருந்து, அவர் ஏன் உள்ளே படுக்கவில்லை என்பது வரை தானாக வரும். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்திலேயே தேதியையும் பேசுபவர் பேரையும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து "ரெக்கார்டிங் 47" என்பது யார் என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்து பரணில் ஏறுங்கள். சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டுவது நம் வழக்கம். எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவின் கழுத்தில், புளி போட்டுத் தேய்த்த பிறகு, புள்ளி புள்ளியாக ஒரு பெண் பேரும் தேதியும் தெரிந்தன. அப்பத்தாவின் கல்யாண நாள் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை, அண்டாவில் இருந்தது. மொய் நோட்டையும் விடாதீர்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எத்தனை ரூபாய் எழுதினார் என்பது அந்தக் கால உறவுகளின் கணக்கு. பணம் அணாவில் இருந்தால் அது அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா அப்போதுதான் வந்தது.

பாட்டி 'தாது வருஷம் மாசி மாசம் பொறந்தேன்'னு சொல்றாங்க. அதை எப்படி இங்கிலீஷ் வருஷமா மாத்துறது?

தமிழ் வருஷம் அறுபதும் சுற்றிச் சுற்றி வரும். பிரபவ 1867, 1927, 1987 ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. தாது அதில் பத்தாவது. ஆக 1876, 1936, 1996. ஆளின் வயதைப் பார்த்தால் எந்தச் சுற்று என்பது புரிந்துவிடும். எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். தாது வருஷம் மாசி என்றால் 1937 பிப்ரவரி அல்லது மார்ச். 1936 என்று போட்டால் ஒரு வயது கூடிவிடும்.

வருஷப் பேரும் தெரியாதவர்கள் சம்பவத்தைச் சொல்வார்கள். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் மேல் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. மேட்டூர் அணை 1934. ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள் கதை 1942. காந்தி இறந்தது 1948 ஜனவரி 30. தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர் 22, 23. "புயலடிச்சப்ப உங்கப்பன் வயித்துல" என்று ஒரு பாட்டி சொன்னால், அது எந்தப் புயல் என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஊருக்கு ஊர் புயல் வேறு. தாது வருஷப் பஞ்சம் என்றால் மட்டும் அது 1876 முதல் 78 வரையான பெரும்பஞ்சம். அதைப் பார்த்தவர் யாரும் இப்போது இல்லை, அவர்கள் சொல்வது கேட்ட கதை.

எங்கப்பா ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒரு தேதி, ஜாதகத்துல ஒரு தேதி. எதைப் போடணும்?

ஜாதகத்தை நம்புங்கள், சர்டிபிகேட்டையும் குறிப்பிடுங்கள். அந்தக் காலத்தில் தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள், தேதியை வாத்தியார் எழுதிக்கொள்வார். ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பது இதனால்தான். ஆனால் பென்ஷன், ஓய்வு எல்லாம் அந்தத் தேதிப்படிதான் நடந்திருக்கும். "ஜாதகப்படி இன்ன தேதி, பள்ளிச் சான்றிதழில் இன்ன தேதி" என்று ஒரே வரியில் இரண்டையும் போடுவதில் குழப்பம் எதுவும் வராது.

சின்னத்தாத்தா ஒண்ணு சொல்றார், பெரியம்மா ஒண்ணு சொல்றாங்க. யாரை நம்புறது?

இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்பதோடு. என் புத்தகத்தில் ஓரத்தில் சின்ன எழுத்தில் அடையாளம் வைத்தேன். 'ப' என்றால் பத்திரம், 'க' என்றால் கல்வெட்டு அல்லது கல்லறை எழுத்து, 'வா' என்றால் வாய்மொழி. வாய்மொழிக்குப் பக்கத்தில் சொன்னவர் எண். முதலில் இது அதிகப்பிரசங்கித்தனம் என்று தம்பி சிரித்தான். அச்சான பிறகு வந்த சண்டைகளில் பாதி, "நான் எழுதலை சித்தப்பா, பெரியம்மா சொன்னது, பாருங்க 'வா 3'" என்று அடங்கிவிட்டது. நடுவர் வேலை பார்க்காதீர்கள். நீங்கள் தள்ளிவிட்ட கதைக்கு நாளைக்கு ஒரு பத்திரம் கிடைக்கலாம்.

பத்திரம், பட்டாவுல குடும்பக் கதை என்ன கிடைக்கும்? நிலம்தானே இருக்கும்?

நிலத்தைவிட ஆட்கள்தான் அதிகம். பழைய கிரயப் பத்திரத்தின் முதல் பத்தியைப் பாருங்கள். இன்ன தாலுகா இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார், சீவனம் விவசாயம் என்று இருக்கும். ஒரே வரியில் இரண்டு தலைமுறை, ஊர், தொழில். அடுத்து, ஏன் விற்றார் என்று இருக்கும். மகள் கல்யாணச் செலவுக்காக, முன் கடன் வகைக்காக. கடைசியில் நான்கெல்லை. 'இன்னார் புஞ்சைக்கு மேற்கு' என்றால் அந்த இன்னார் பல சமயம் பங்காளியாக இருப்பார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் மாமனோ மச்சினனோ. கைநாட்டு வைத்திருந்தால் அதையும் ஸ்கேன் செய்து புத்தகத்தில் போடுங்கள். தாத்தாவின் கட்டைவிரல் ரேகையைப் பார்த்து எங்கள் அப்பா வெகுநேரம் பேசவில்லை.

கையில் மூலப் பத்திரம் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் எண் கிடைக்கும், எண்ணை வைத்துப் பத்திர நகல் வாங்கலாம். அண்மை வருஷங்களுக்குப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே வில்லங்கம் பார்க்கலாம், பழையதற்கு மனுப் போட்டு நேரில்தான். கிராமக் கணக்கில், நிலம் யாருடையது என்று காட்டும் 'அ' பதிவேடு, பயிர்க் கணக்கான அடங்கல் இரண்டும் உதவும். அதில் வருஷம் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஜூலையில் தொடங்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்துப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். கொல்லம் 1098 என்பது 1922, 23.

பத்திரம் இல்லாத வீடுகள்தான் நாட்டில் அதிகம், அதற்காகச் சோர வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, கல்லறைத் தோட்டம். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தில் நிக்காஹ் பதிவேடு. நகரத்தார் வீடுகளில் கல்யாணத்துக்கு எழுதும் இசைகுடிமானம். யாழ்ப்பாணத்தவர் என்றால், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் நினைவு மலர். கல்வெட்டு என்று அவர்கள் சொல்லும் அந்தச் சின்னப் புத்தகத்தில் வம்சாவளி முழுக்க இருக்கும். 'நூலகம்' என்ற இணையதளத்தில் அப்படிப்பட்ட மலர்கள் நிறைய ஏற்றப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் படம் பிடித்து வைத்தாலே போதும். மகன், மகள், மருமகன், பேரன் என்று வரிசையாகப் பேர் போட்டிருப்போம்.

பத்திரத்துல இருக்கிற எழுத்தே புரியலையே. ஏதோ கணக்குப் புள்ளி மாதிரி இருக்கு.

பெரும்பாலும் தமிழ் எண்களும் சுருக்கக் குறிகளும்தான். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ என்றால் மேற்படி, ௹ ரூபாய். இந்த எட்டையும் ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி திறந்துவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்கள் வேறு. அவற்றைப் பெரியவர்கள் யாரும் படித்துச் சொல்லிவிடுவார்கள்.

ஓலைச்சுவடி இருந்தால் நீங்களாக எண்ணெய் தடவுவது, வெயிலில் காயவைப்பது எதுவும் வேண்டாம். சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம், தஞ்சாவூரில் சரசுவதி மகால் ஆகிய இடங்களில் சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஜாதக ஓலை அல்லது வைத்தியக் குறிப்பாக இருக்கும். ராஜா கொடுத்த பட்டயம் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கட்டு என் கடைக்கு வந்தது. படித்துப் பார்த்தால் மாட்டு வைத்தியம். அந்த வீட்டார் முகம் வாடிப்போனது. என்னைக் கேட்டால் மாட்டு வைத்தியம்தான் பெரிய சொத்து.

தாத்தா பினாங்கு போனார்னு மட்டும் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. எப்படித் தேடுறது?

எந்தக் காலம், எந்தக் கடல் என்று முதலில் பிரியுங்கள். மலேயா, சிங்கப்பூர் போனவர்கள் நாகப்பட்டினத்திலோ மெட்ராஸிலோ கப்பல் ஏறியிருப்பார்கள். ரஜுலா என்ற கப்பல் 1926இல் கட்டப்பட்டது, எழுபதுகளின் தொடக்கம் வரை அந்த வழியில் ஓடியது. "ரஜுலாவுல போனாரு" என்று யாராவது சொன்னால் காலம் கொஞ்சம் பிடிபடும். பழைய பாஸ்போர்ட், மணியார்டர் துண்டு, அங்கிருந்து வந்த கடிதத்தின் தபால் முத்திரை, இவற்றில் எஸ்டேட் பேர் இருக்கும். எஸ்டேட் பேர் கிடைத்தால்தான் அந்தப் பக்கத்தில் விசாரிக்க முடியும்.

இலங்கை மலையகத்திலிருந்து 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையைப் பல வீடுகளில் இன்றும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தார் பேர், வயது எல்லாம் அதில் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீஷியஸ் பக்கம் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு நிலைமை வேறு. வெள்ளைக்காரன் ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு, அப்பன் பேர், ஊர், சாதி, உடம்பில் இருக்கும் தழும்பு வரை எழுதிவைத்தான். நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ 1860இல் மெட்ராஸிலிருந்து போனது. மொரீஷியஸ் பதிவேடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. ஊர்ப் பேரை வெள்ளைக்காரன் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஆறு வருஷமா சேர்த்துக்கிட்டே இருக்கேன். எப்போ நிறுத்தி எழுதுறது?

நாளை. இதற்கு முன்னால் சொன்ன அத்தனை தேடலும் முடிவே இல்லாதது. ஒரு பத்திரம் இன்னொரு பத்திரத்தைக் காட்டும். எனக்குத் தெரிந்து மூன்று பேர் அட்டைப் பெட்டி நிறையச் சேர்த்துவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவருடைய பெட்டி பழைய பேப்பர்க்காரரிடம் போனது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பது மாதிரி ஒரு நாளைக் குறியுங்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாவது பிறந்தநாள், குலதெய்வக் கும்பாபிஷேகம், எதுவாவது. அதிலிருந்து நான்கு மாதம் பின்னால் எண்ணினால் அன்றோடு தேடல் முடிந்தது. நான்கு மாதம் எழுத, படம் சேர்க்க, மெய்ப்புப் பார்க்க, அச்சடிக்கச் சரியாக இருக்கும். கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். "கொள்ளுத்தாத்தாவின் அம்மா பேர் தெரியவில்லை" என்று என் புத்தகத்தில் போட்டேன். அச்சாகி மூன்றாம் மாதம் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் போன் செய்து பேரைச் சொன்னார்.

வம்சாவளிப் படத்துல பொம்பளப் பிள்ளைகளைப் போடணுமா? அவங்க வேற வீட்டுக்குப் போயிட்டாங்களே.

போட வேண்டும். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நான் போடவில்லை. கோயில் வரிக்கணக்கைப் பார்த்து வரைந்த படம் அது, வரிக்கணக்கில் ஆண்கள்தான் இருப்பார்கள். தாத்தாவுக்குக் கீழே நான்கு மகன்கள் பேரையும் போட்டு, பக்கத்தில் 'மகள்கள் மூவர்' என்று முடித்திருந்தேன். விழாவில் புத்தகத்தைக் கையில் வாங்கிய மூத்த அத்தை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு வந்தார். விரலால் நான்கு பேரையும் தொட்டுக்கொண்டே வந்து 'மூவர்' மேல் நிறுத்தினார். பிறகு மொய் எழுதுகிறவரிடம் பேனாவை வாங்கி, அந்த இடத்தில் மூன்று பேரையும் எழுதினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயசில் எழுத்துக் கூட்டி எழுதினார், கோடு கோணலாக.

இப்போது யார் வந்தாலும் முதல் வேலையாக இதைத்தான் பார்க்கிறேன். மருமகள்களை 'மனைவி' என்று விடாமல் பேர், பிறந்த ஊர், அப்பா அம்மா பேர் கேட்டுப் போடுங்கள். கல்யாணமான மகள்களுக்குக் குறைந்தது ஒரு தலைமுறை கீழே வரை கொண்டுபோங்கள். குழந்தையிலேயே இறந்தவர்களுக்கும் ஒரு பெட்டி. அம்மாமார்கள் அந்தப் பேரைத்தான் தேடுவார்கள்.

தாத்தா அக்கா மகளையே கட்டியிருக்கார். படம் போட்டா கோடு முடிச்சு முடிச்சா வருது.

நம் ஊரில் எல்லாருக்கும் வரும் முடிச்சுதான். வெளிநாட்டு வம்சாவளி மென்பொருள்கள் இதில் திணறும், அல்லது ஒரே ஆளை இரண்டு ஆளாகக் காட்டும். கையால் போடுவதே சுலபம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுங்கள். தாத்தா 7, அவர் அக்கா 5, அக்கா மகள் 14 என்று வைப்போம். 5க்குக் கீழே 14 வரும், அதற்குக் கீழே ஒன்றும் போடாமல் '7ஐப் பார்க்க' என்று மட்டும் எழுதுங்கள். 7க்குப் பக்கத்தில் மறுபடியும் 14, பிள்ளைகள் எல்லாம் இங்கே மட்டும். கோடு குறுக்கே ஓடாது. அந்தப் பிள்ளைகளுக்கு 5ஆம் எண் அப்பா வழியில் அத்தை, அம்மா வழியில் அம்மாச்சி. அவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள், சுவாரஸ்யமாக இருக்கும்.

ஒரே பேர்ல நாலு பேர் இருக்காங்க. படிக்கிறவனுக்கு எப்படிப் புரியும்?

தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதால் வருவது. மேலே சொன்ன எண்ணே இதற்கும் மருந்து. ஆனால் கதையில் எண் போட்டு எழுதினால் ஜெயில் கணக்கு மாதிரி ஆகிவிடும். ஊரில் எப்படிப் பிரித்துச் சொன்னார்களோ அப்படியே எழுதுங்கள். மீசை சுப்பையா, ரங்கூன் சுப்பையா, மில் சுப்பையா. பட்டப்பேர் கேலியாக இருந்தால் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாதிப் பேரைப் போடுறதா வேண்டாமா?

பத்திரத்தில் இருப்பதை மேற்கோளாக எடுக்கும்போது இருப்பதுபோலவே வையுங்கள், ஆவணத்தைத் திருத்தக் கூடாது. உங்கள் நடையில் எழுதும்போது பேரோடு ஒட்டவைக்கத் தேவையில்லை. எந்தத் தெரு, எந்தக் கோயில், என்ன தொழில் என்பதிலேயே வேண்டியது விளங்கிவிடும். 'நாங்கள் இன்ன மன்னர் வழி' என்று முதல் அத்தியாயம் எழுதிக்கொண்டு வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஓரத்தில் வைக்கும் அடையாளம் என்று முன்பு சொன்ன 'ப', 'க', 'வா' மூன்றில் எது? பெரும்பாலும் அந்த அத்தியாயம் இரண்டு வரியாகச் சுருங்கும்.

இன்னொன்று. உங்கள் வயலில் உழைத்தவர்கள், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, துணி வெளுத்தவர், இவர்கள் பேர் பெரியவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். கேட்டு எழுதுங்கள். உங்கள் அப்பாவை முதலில் கையில் தூக்கியவர் அந்த மருத்துவச்சிதான்.

ரெண்டாம் தாரம், ஓடிப்போனது, கேஸ், தற்கொலை... இதையெல்லாம் எழுதலாமா?

நடந்தது நடந்ததாக இருக்கட்டும், தீர்ப்பு வேண்டாம். இரண்டாம் தாரத்தையும் அவர் பிள்ளைகளையும் விட்டுவிட்டால் அது பொய்க் கணக்கு. உயிரோடு இருக்கும் ஒருவருக்குத் தலைக்குனிவு வரும் என்றால் அந்தச் செய்தியை இந்தப் பதிப்பில் விடுங்கள், தனித்தாளில் எழுதி உறையில் போட்டு மூத்தவரிடம் கொடுங்கள். தற்கொலைக்கு 'இன்ன வருஷம் காலமானார்' போதும். சொல்லாமல் விடலாம், மாற்றிச் சொல்லக் கூடாது. உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் எதையும் அச்சில் போடாதீர்கள். புத்தகம் யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் புத்தகத்தைக் காட்டி யாராவது சொத்துல பங்கு கேட்டா?

பங்காளிகள் எல்லாரும் கேட்கும் கேள்வி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. வாரிசு என்று காட்ட தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழோ கோர்ட் உத்தரவோ வேண்டும், உங்கள் புத்தகம் அதற்குப் பதிலாகாது. ஆனால் வெறும் காகிதம் என்றும் நினைக்க வேண்டாம். வழக்கு எழுவதற்கு முன்னால், இறந்துபோன ஒருவர் குடும்ப வம்சாவளியில் எழுதிவைத்த உறவுமுறையைச் சாட்சியாகப் பார்க்க 1872 சாட்சியச் சட்டத்திலேயே இடம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் அது தொடர்கிறது. அதனால் உறவைச் சரியாகப் போடுங்கள். வழக்கில் இருக்கும் நிலத்தின் சர்வே எண், பாகப்பிரிவினை விவரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

பழைய போட்டோ கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. பிரிச்சு எடுக்கவா?

தொடாதீர்கள். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு வெளிச்சமான நிழலில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலே நின்று படம் எடுங்கள். நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாது. தனிப்படமாக இருந்தால் 600 டிபிஐயில் ஸ்கேன். அப்படி எடுத்ததை அச்சில் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் 300 டிபிஐ நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். பின்பக்கம் பேர் எழுத பென்சில் மட்டும். லேமினேஷன் கூடவே கூடாது. முகத்துக்கு நிறம் ஏற்றித் தரும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. அப்பத்தா சேலை பச்சையா சிவப்பா என்று அதற்கு எப்படித் தெரியும்? கறுப்பு வெள்ளையாகவே போடுங்கள்.

டைப் அடிச்சுக் கொடுத்தா பிரஸ்ல எழுத்தெல்லாம் மாறிப்போச்சு. ஏன்?

நீங்கள் போனில் அடிப்பது யூனிகோட். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்யும் இடங்களில் அதை பாமினி போன்ற எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது ஸ்ரீ, மேற்கோள் குறி, தமிழ் எண்கள், இடையில் வரும் ஆங்கில இனிஷியல் எல்லாம் உடையும். எங்கள் புத்தகத்தில் என் கடையிலேயே, என் கையாலேயே மாற்றியும், ஒரு பக்கம் முழுக்க 'ஸ்ரீ' இருந்த இடத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. வேர்டு கோப்பைப் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். கடைசிப் பிடிஎஃப்பைத் தாளில் எடுத்துப் படியுங்கள். பேர்களையும் தேதிகளையும் மட்டும் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்ன சைஸ், என்ன பேப்பர், எத்தனை காப்பி?

டெமி 1/8 அளவு கைக்கு அடக்கம். ஒரு பாரத்துக்கு, அதாவது மடித்துச் சேர்க்கும் ஒரு அச்சுத் தாளுக்கு, 16 பக்கம் என்பதால் மொத்தம் 16இன் மடங்காக இருந்தால் தாள் வீணாகாது, எங்களுடைய 144 ஒன்பது பாரம். வம்சாவளிப் படத்தை மடித்து வைக்கும் பெரிய தாளாகப் போடுங்கள், சின்னப் பக்கத்தில் அடைத்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். தாள் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும், படங்களை மட்டும் சேர்த்து எட்டுப் பக்கம் ஆர்ட் பேப்பரில். பசை மட்டும் வைத்த பைண்டிங் நான்கைந்து வருஷ வெயிலில் பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும். நூல் தையல், கெட்டி அட்டை என்று கேட்டு வாங்குங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் கலர் அட்டையில் குறையுங்கள், தையலில் வேண்டாம்.

காப்பியை ஆளுக்கு எண்ணாமல் வீட்டுக்கு எண்ணுங்கள், அதோடு பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு, நூற்றைம்பது வரை டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும், முந்நூறைத் தாண்டினால் ஆப்செட். புத்தகத்துக்குத் தரும் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச எண் கட்டாயம் இல்லை. வேண்டுமானால் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இலவசமாகவே கிடைக்கும். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு காப்பி கொடுக்கக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லாம் கரையான் அரித்தாலும் ஒன்று எங்காவது இருக்கும்.

அச்சானதுக்கு அப்புறம் தப்பு தெரிஞ்சா என்ன பண்றது?

தெரியும், தெரியாமல் இருக்காது. எங்களுக்கு முதல் வாரத்தில் பதினொன்று வந்தன. சின்னத் தாளில் பிழைதிருத்தம் அடித்து, இன்னும் கொடுக்காத காப்பிகளில் ஒட்டினேன், கொடுத்தவர்களுக்குத் தபாலில் அனுப்பினேன். அத்தைகள் மூவர் பேரும் அதில் முதல் வரி. மூத்த அத்தைக்கு அனுப்பியபோது, "நான்தான் அன்னைக்கே எழுதிட்டேனே, எனக்கு எதுக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த புத்தகம் போடுகிறவர்களுக்கு இப்போது கடைசி எட்டுப் பக்கத்தைக் கோடு போட்டு வெறுமையாக விடச் சொல்கிறேன். பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று மூன்று தலைப்பு மட்டும். போன மாதம் விருதுநகரில் ஒரு வீட்டில் அப்படி ஒரு காப்பியைப் பார்த்தேன். பிறப்பு என்ற தலைப்பின் கீழ் நீல மையில் இரண்டு பேர் ஏறியிருந்தது.